சம்மணம் போட ஒரு வருஷம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறேன். வலது முழங்காலை அம்மா அமுக்குகிறாள். இடது முழங்காலைச் சித்தப்பா மகன் குமரேசன் அமுக்குகிறான். இரண்டு முழங்காலும் தரையில் படிய வேண்டும். படியவில்லை. ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நிற்கின்றன.

"நல்லா அமுக்குடா குமரேசா."

"அமுக்கிகினுதான் பெரிம்மா இருக்கேன். காலா இது, சாரத்துக்குக் கட்டுன கழியா?"

"மூச்ச வுடுறா ரத்தினா. மூச்சப் புடிச்சிகினு இருந்தா எப்படி எறங்கும்?"

"எல்லாத்தயும் வுட்டுட்டேம்மா. உசுரு ஒண்ணுதான் பாக்கி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அம்மா கையை எடுத்துவிட்டாள். குமரேசனும் எடுத்துவிட்டான். சாவு நடந்த வீட்டில் சில வார்த்தைகளை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல முடிவதில்லை.

அது ஆடி மாதம். வெளியே காற்று புழுதியை அள்ளி அள்ளிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசியில் என் கூடப் பிறந்த முத்துவுக்கு வருஷத் தெவசம். வில்லியனூர் ஆற்றங்கரையில் அய்யர் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, பிண்டம் வைக்க வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். என்னால் கொஞ்ச நேரம்கூடத் தரையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கீழ்முதுகில், இடது பக்கம், யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துதான் எழுந்திருக்க வேண்டும்.

"ஒனக்கு முடியலன்னா குமரேசன் குந்தட்டும்டா. அவனும் தம்பி மொறதானே?" என்று சித்தப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சேர் போட்டு குந்துனா இன்னா?" என்று குமரேசன் கேட்டான். அவன் தவளக்குப்பத்தில் செல்போன் கடையில் வேலை செய்கிறான். எதற்கும் அவனிடம் ஒரு சுருக்கு வழி இருக்கும்.

"தெவசத்துக்கு சேரா? ரிசப்ஷனாடா அது?" என்றாள் அம்மா.

எனக்குச் சேரும் வேண்டாம், குமரேசனும் வேண்டாம். முத்துவுக்கு நான்தான் உட்கார வேண்டும். அம்மா வயிற்றில் ஒன்றாக மடங்கிக் கிடந்தவர்கள் நாங்கள். அவனுக்காகத் தரையில் ஒரு முக்கால் மணி நேரம் என்னால் மடங்க முடியாதா?

முடியவில்லை. அதுதான் அந்த வருஷத்தின் பிரச்சினை.

ஒரே முகம்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானும் முத்துவும் இரட்டைப் பிள்ளைகள். அச்சு மாறாத முகம். பாகூர் பக்கம் எங்களைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு பேரும் எட்டாவதோடு நின்றவர்கள். கடன் இல்லாமல் ஒரு சின்ன லோடு வண்டி வாங்கி, நான் ஓட்டுவேன், அவன் ஏற்றி இறக்குவான். நெல் மூட்டை, சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

செத்தவன் முகம் வீட்டுக்குள் நடமாடினால் எப்படி இருக்கும்? அதை நான் செய்துகொண்டிருந்தேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் வாசலில் அடங்கித்தான் வருவார்கள். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுவார்கள். அம்மா எனக்குச் சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே போடுவாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தால் அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள்.

அதனால் நான் வண்டியிலேயே இருக்க ஆரம்பித்தேன். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் கிளம்பிவிடுவேன். பாகூர் ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்திருப்பேன். அந்த வண்டியின் முன்பக்கம் ரொம்பக் குறுகல். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். சாப்பாடும் அங்கேதான், மத்தியானத் தூக்கமும் அங்கேதான். உள்ளே இருந்த கண்ணாடியை ரோட்டைப் பார்க்கிற மாதிரி வெளியே திருப்பிவிட்டேன். என்னாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லோடு கிடைத்தால் தவளக்குப்பம் ஜங்ஷன். அங்கே எந்த நேரமும் வண்டி நெரிசல். கிளட்சை மிதி, விடு, மிதி, விடு. இடது கால் ஒரு அங்குலம் போகும், ஒரு அங்குலம் வரும். அதற்கு மேல் அந்தக் காலுக்கு நான் ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

மாசக்கணக்கில் இப்படி. ஒருநாள் நெட்டப்பாக்கத்தில் ஒரு மில்லில் கூலியாள் வரவில்லை. நானே ஒரு நெல் மூட்டையைத் தூக்கினேன். தூக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, குனிந்தேன். அவ்வளவுதான். கீழ்முதுகில் சடக் என்று ஒரு பிடி. வண்டியின் பின்பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவில் என்னையும் ஒரு மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார்கள்.

மிதிக்கிற பிள்ளைகள்

இரட்டைப் பிறவி மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கால் முதலில் வந்து பிறந்தவர்களுக்கும் அந்தக் கைராசி உண்டு என்பார்கள். கால்ராசி என்றுதான் சொல்ல வேண்டும்.

நடக்கப் பழகின நாளிலிருந்து எங்களுக்கு அதுதான் வேலை. கழனியிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் சாக்கை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். எங்களில் கையில் சிக்குகிறவனை அம்மா தூக்கி முதுகில் விடுவாள். குதிகாலால் மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது பேசக் கூடாது. முடிந்ததும் அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்.

மளிகைக் கடை வைத்திருந்த ஒரு செட்டியார் மாதத்துக்கு ஒருதடவை வருவார். அவர் முதுகு அகலமாக, மெத்தென்று இருக்கும். அவருக்கு என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஏறிவிடுவோம். சுளுக்கை மறந்துவிட்டு மேலே சண்டை போடுவோம். "எறங்குங்கடா, கொன்னுடாதீங்கடா" என்று கத்திக்கொண்டே அவர் பையிலிருந்து பொரியுருண்டையை எடுத்து நீட்டுவார்.

பெரியவர்களான பிறகும் விடவில்லை. முத்து மிதித்தால் கேட்கும், நான் மிதித்தால் கேட்காது என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் மாற்றிச் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே எடைதான்.

எனக்குச் சுளுக்கு வந்தால் முத்து மிதிப்பான். அவனுக்கு வந்தால் நான். நெட்டப்பாக்கத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு, கூடத்தில் குப்புறப் படுத்தபடி, நான் பாட்டுக்கு "டேய், வாடா" என்று கூப்பிட்டுவிட்டேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று இன்று வரைக்கும் நான் கேட்கவில்லை.

சுத்துக்கேணி அக்காக்கள்

முதலில் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். பிறகு மருந்துக்கடையில் பெல்ட் வாங்கினேன். இடுப்பை அசைத்தால்தானே வலி, அசைக்காமலே இருந்துவிட்டால்? மரப்பலகையில் படுத்தேன். நடக்கும்போதுகூடப் பெட்டியைத் தள்ளுகிற மாதிரி உடம்பை ஒரே பாளமாக வைத்துக்கொண்டு நடந்தேன். மறுபடியும் வண்டியில் போய் உட்கார்ந்தேன். வலி குறைகிற மாதிரி இருக்கும், திரும்பவும் வரும்.

சுத்துக்கேணியில் இரட்டை அக்காக்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் மிதித்தால் நிச்சயம் போகும் என்று யாரோ சொல்ல, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஊருக்கெல்லாம் மிதித்தவன், வேறு ஊருக்கு மிதி வாங்கப் போனேன்.

அவர்கள் கரும்புத் தோட்டத்திலிருந்து அப்படியே வந்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காலெல்லாம் சேறு. வரும்போதே சண்டை.

"எந்தப் பக்கம் தம்பி புடிச்சிருக்கு?"

"எடப்பக்கம்க்கா."

"அப்ப நாந்தான் மிதிக்கணும். எடப்பக்கம் எப்பவும் எனுது."

"யாரு எழுதி வெச்சா? போன தடவ கண்டக்டருக்கு நீதான மிதிச்ச? இன்னிக்கி நானு."

"ஒனக்கு குதிகால்ல வெடிப்பு. தம்பி முதுவு கிழிஞ்சிடும்டி."

படுத்தபடி எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு இழுத்தது. "ரெண்டு பேரும் சேந்தே மிதிங்கக்கா. நாங்களும் அப்படித்தான் மிதிப்போம்" என்றேன்.

"நாங்களும்னா?"

"நானும் ரெட்டப் பொறவிதான்க்கா."

"அட! அப்ப இவ்ளோ தூரம் ஏன் வந்த? ஒன் ஜோடிய வுட்டு மிதிக்கச் சொல்றதுதானே?"

முகம் சாக்கில் புதைந்திருந்தது. அம்மாதான் சொன்னாள். "அவன் போய்ட்டாம்மா. போன மழைக்கு."

குதிகாலில் வெடிப்பு என்று திட்டு வாங்கினவள் சொன்னாள்: "நீயே மிதிடி. மெதுவா மிதி."

மெதுவாகத்தான் மிதித்தாள். ஈரச் சேறு முதுகில் சில்லென்று பட்டது. எழுந்தபோது நிஜமாகவே லேசாக இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி ஒட்டி நின்றிருந்தார்கள்.

அந்த வார முடிவில் வலி திரும்பிவிட்டது. திரும்பிப் பார்த்ததால்தான் என்றாள் அம்மா. முழங்காலை அமுக்கிப் பார்க்கலாம், தரையில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் பழக வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். அமுக்கின அன்று ராத்திரியெல்லாம் வலி. காலையில் செருப்பு வாரை மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

கத்துகிற இடமும் சும்மா இருக்கிற இடமும்

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை என்று பிசியோவுக்கு அனுப்பினார். பிசியோ என்னைவிட வயதில் சின்னப் பெண். தலையில் கனகாம்பரம். நாங்கள் போனபோது மின்விசிறி நின்றுபோய், ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

கால் மரத்துப் போகிறதா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றேன். எங்கே வலி என்று கேட்டார். கீழ்முதுகைக் காட்டினேன். உடனே என் தொடையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"மேடம், வலி முதுவுல."

"தெரியுது. வலிக்கிற எடம் கத்திக்கிட்டு இருக்கு, அதனால அது ஒங்களுக்குத் தெரியுது. வேல செய்யாத எடம் சும்மா இருக்கே, அத யாரு பாக்குறது?"

மல்லாக்கப் படுக்கச் சொன்னார். வலது முழங்காலைக் கையால் கட்டி நெஞ்சோடு இழுக்கச் சொன்னார். இழுத்தேன். "இடது காலைக் கீழ வைங்க" என்றார்.

"கீழதான் மேடம் வெச்சிருக்கேன்."

அவர் தன் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். என் இடது தொடை மேஜையிலிருந்து தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குத் தெரியவே இல்லை. அவர் அந்தத் தொடையை மெதுவாகக் கீழே அழுத்தினார். அழுத்தியபோது என் கீழ்முதுகு மேஜையை விட்டு வளைந்து மேலே எழுந்தது. கையை எடுத்தார், முதுகு கீழே வந்தது, தொடை மேலே போனது.

"பாத்தீங்களா? தொடை வந்து சேர்ற மூட்டு எறுகிப் போச்சு. அது நீள மாட்டேங்குது. அதுக்குப் பதிலா முதுகு வளையுது. தரையில குந்தும்போது அதே மூட்டு மடங்க மாட்டேங்குது, விரிய மாட்டேங்குது. அப்பவும் முதுகுதான் கூன் போட்டுக் குடுக்குது. மூட்டையத் தூக்கும்போதும் அதுதான். எல்லாத்துக்கும் ஒருத்தனே வேல செஞ்சா அவன் கத்த மாட்டானா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் கரும்பு டிரெய்லரை டிராக்டரோடு சேர்க்கிற இடத்தில் ஒரு பின் இருக்கும். அந்தப் பின் துருவேறித் திரும்பாமல் போனால், வளைவில் டிரெய்லர் திரும்பாது, இழுக்கிற கம்பி முறுக்கும். கம்பியில் விரிசல் விழும். வெல்டு வைப்பார்கள். மறுபடி விரிசல் விழும். கம்பியையே திட்டிக்கொண்டிருப்பார்கள். பின்னுக்குக் கிரீஸ் வைக்கத் தோன்றாது.

இதைச் சொன்னேன். அவர் அட்டையை வீசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அதேதான். சும்மா குந்தியே இருந்தா பின்னு துருப் புடிக்கும். பெல்ட் போட்டா இன்னும் நல்லாப் புடிக்கும். வண்டியில எவ்ளோ நேரம் குந்துவீங்க?"

"அதுலதான் மேடம் குடியிருக்கேன்."

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். ஏரிக்கரை அவளுக்குத் தெரியாது. லோடு நிறையக் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"முட்டிய யாராச்சும் அமுக்குனீங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள்.

"அமுக்காதீங்கம்மா. மூட்டு வழி வுடாதப்ப முட்டிய அமுக்குனா முதுகுதான் இன்னும் கூனும். முட்டி தரையைத் தொடணும்னு எந்த அய்யரு கேட்டாரு?"

முத்து தூக்குகிற விதம்

பிசியோ அங்கேயே ஒரு துடைப்பக் கழியை என் முதுகோடு நிறுத்தினார். தலை, மேல்முதுகு, புட்டத்து எலும்பு, மூன்றும் கழியில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டினபடியே குனிய வேண்டும். முதுகு வளையக் கூடாது, தொடை மூட்டில் மடங்க வேண்டும். பின்புறம் பின்னால் போக வேண்டும். முதலில் நான் குனிந்தபோது கழி முதுகை விட்டுக் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

பழகப் பழகத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. முத்து மூட்டை தூக்குவது இப்படித்தான். இரண்டு காலையும் அகட்டி, பின்புறத்தைத் தள்ளி உட்கார்ந்து, மூட்டையை முதலில் தொடைக்கு ஏற்றிக்கொள்வான். தொடையிலிருந்து ஒரு எத்து, தோளுக்குப் போய்விடும். "தவக்களடா நீ" என்று கேலி செய்வேன். "தவக்களைக்கு முதுவு வலி வந்து பாத்திருக்கியா?" என்பான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த உடம்பு, அதுவாகவே ஒரு வழியைப் பிடித்துக்கொண்டது.

ஒரே முகம், ஒரே எடை. அவன் மூட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது சீட்டில் கிடந்தது.

வீட்டில் கழியை முதுகில் வைத்துக்கொண்டு நான் குனிந்து குனிந்து நிமிர்வதைப் பக்கத்து வீட்டில் வேலி வழியாகப் பார்த்திருக்கிறார்கள். "பெரிய புள்ள போனதுல இவனுக்கும் புத்தி பேதலிச்சிடுச்சா?" என்று அம்மாவிடம் வந்து விசாரித்தார்கள். "துடப்பத்துக்குக் கும்புடு போடுறான்" என்று குமரேசன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

தலையணை, போர்வை, துண்டு

தரையில் நேராக உட்காராதீர்கள், உயரத்தில் உட்காருங்கள் என்றார் பிசியோ. பின்புறத்துக்குக் கீழே ஒரு தலையணையை மடித்துப் போட்டுச் சம்மணம் போட்டேன். ஆச்சரியம், முதுகு நிமிர்ந்து நின்றது. முழங்கால் அது பாட்டுக்கு உயரத்தில் இருந்தது. வலி வரவில்லை. உயரம் கொடுத்தால் மூட்டு கொஞ்சம் மடங்கினால் போதும், அதற்கு மேல் முதுகிடம் கடன் வாங்க வேண்டாம்.

அது பழகியதும் தலையணையை எடுத்துவிட்டுப் போர்வை. கூடவே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் வைத்து, இடுப்பை மெல்ல முன்னே தள்ளி நிற்பது. தொடை மடிப்பில் துணியைக் கிழிக்கிற மாதிரி இழுக்கும். வண்டியில் போனால் ஒவ்வொரு லோடுக்கும் இறங்கி நடக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்துவதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் இறங்கினேன். கரை மேல் நடந்தேன்.

அம்மா ஒருநாள் கேட்டாள். "வூட்ல இருக்கப் புடிக்காமதான வண்டியில கெடந்த?"

"அப்படி இல்லம்மா."

"பின்ன?"

"என்னப் பாத்தா நீ சாப்புட மாட்டற."

அவள் உள்ளே போனாள். தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, எனக்கு நேராக உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலையில் எழுந்தபோது வலி இல்லை. புரண்டு பார்த்தேன், குனிந்து பார்த்தேன், எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு என்னவோ பயமாக இருந்தது. அவன் போன பிறகு என்னோடு விடாமல் இருந்தது அந்த வலி ஒன்றுதான். சாயங்காலம் லேசாக வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், வந்ததும்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆற்றங்கரை

ஐப்பசியில் சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் நிறைய வந்திருந்தது. செம்மண் நிறம். அய்யர் குடையை மணலில் குத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவும் குமரேசனும் வேட்டியோடு வந்திருந்தார்கள். முடியாவிட்டால் உட்காருவதற்காகக் குமரேசனும் குளித்துத் தயாராக இருந்தான். எனக்கு அது தெரியும். அவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஈர வேட்டியோடு போய், ஒரு துண்டை மடித்து மணலில் போட்டேன்.

"அது இன்னாப்பா?" என்றார் அய்யர்.

"இடுப்புக்கு சாமி. கொஞ்சம் ஒயரம் வேணும்."

"போட்டுக்கோ, போட்டுக்கோ. நான் ரெண்டு பலக போட்டுக்கினு இருக்கேன் பாரு."

சம்மணம் போட்டேன். முழங்கால் தரையைத் தொடவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. அய்யர் விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டிவிட்டார்.

"போனவரு பேரு?"

"முத்து. முத்துக்குமரன்."

"ஒனக்கு இன்னா வேணும்?"

"கூடப் பொறந்தவன்."

"அண்ணனா, தம்பியா? அதச் சொன்னாத்தான் மந்திரம்."

முத்து எனக்குக் கொஞ்ச நேரம் முந்திப் பிறந்தவன். என் ஆயுசில் ஒருதடவைகூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. டேய்தான்.

"அண்ணன், சாமி" என்றேன்.

எள்ளும் தண்ணீரும் விட்டேன். அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். பாதியில் இடது பக்கம் லேசாக இறுக ஆரம்பித்தது. பின்னால் சித்தப்பா செருமினார். நான் மூச்சை விட்டு, பின்புறத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தொடை மூட்டிலிருந்து மெல்ல முன்னால் சாய்ந்தேன். கயிறு தளர்ந்தது. பிண்டத்தை இலையோடு எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போய், முதுகை வளைக்காமல் குனிந்து ஆற்றில் விட்டேன். தண்ணீர் சட்டென்று வாங்கிக்கொண்டது. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

அய்யர் மோதிரத்தைக் கழற்றி அவிழ்த்துப் போடச் சொன்னார். போட்டேன். அம்மாவிடம் சொன்னார்: "வருஷம் முடிஞ்சிதும்மா. இனிமே பொங்கல் வைக்கலாம். கோயிலுக்குப் போலாம். வூட்ல நல்லது எது வேணா செய்யலாம்." என்னிடம், "எழுந்திருப்பா" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"புடிச்சிகிச்சாடா?" குமரேசன் ஓடிவந்து என் கக்கத்தில் கையைக் கொடுத்தான். "சொன்னேன்ல பெரிம்மா, முடியாதுன்னு. டேய், மெதுவா. பக்கத்துல சாயி."

"புடிக்கலடா."

"பின்ன எழுந்திரு."

கையைக்கூட ஊன்றாமல் அப்போது என்னால் எழுந்திருக்க முடியும். அவ்வளவு லேசாக இருந்தது உடம்பு. ஒரு வருஷம் இங்கே உட்காருவதற்குத்தான் பாடுபட்டேன். எழுந்திருப்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எழுந்தால் அவனுக்கு என்று இருந்த வருஷம் முடிந்துபோகும். அதற்குப் பிறகு வருவது வெறும் வருஷம்.

கொஞ்ச தூரத்தில் அடுத்த குடும்பம் குளித்துவிட்டு ஈரத்தோடு காத்திருந்தது.

"சாமி, கொஞ்ச நேரம் குந்தட்டும்" என்றாள் அம்மா. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

அய்யர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு குடையைப் பிடுங்கினார். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். "நீங்க இந்தப் பக்கம் வாங்க. எடம் இருக்கு" என்று அவர்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடமும் அய்யர் பெயரைக் கேட்டார். எங்களை யாரும் எழுப்பவில்லை.